ஒரே கன்றை நாலு முறை நட்டால்

“செவ்வாய், காலை ஆறு நாற்பது. சூரியன் உதித்துவிட்டதை டிஸ்பூட் நைனா இன்று ஒப்புக்கொண்டார்.”

என் குறிப்பேட்டில், ஓர் ஐப்பசி மாதத்துப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. அன்று மேகமூட்டம். பால் வாங்கப் போகிற வழியில், “விடிஞ்சிடுச்சு நைனா” என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அவர் கடல் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, “உம், ஒத்துக்கலாம்” என்றார்.

நாற்பது வருடமாக நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவன் நான். கிழமையும் மணியும் போடாமல் எதையும் எழுதியதில்லை. அத்தனை நோட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகக் குடியிருக்கும் இத்தனை லட்சம் பேரில், அடுத்தவர் சொன்ன எண்ணிக்கையைத் தானே எண்ணிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். நானும்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. துறைமுகத்தில் டேலி கிளார்க்காக வேலை பார்த்து, பிறகு திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஒன்றில் அதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவர். டேலி கிளார்க் என்றால் எண்ணுகிறவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கப்பல்காரன் சார்பில் ஒருவர், கரைக்காரன் சார்பில் ஒருவர், தனித்தனியாக நின்று எண்ணுவார்கள். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு தாள்களையும் ஒப்பிடுவார்கள். பொருந்தவில்லை என்றால் ஒருவர் எண்ணை இன்னொருவர் அடிக்கக்கூடாது. இரண்டையும் எழுதி, பக்கத்தில் ‘டிஸ்பூட்’ என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை போடலாம், எண்ணை மறைக்கக்கூடாது. துறைமுகத்தில் இது வேலை விதி. நைனா இதை வாழ்க்கை முழுவதற்கும் வைத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி சரோஜாம்மா சொல்வார்:

“தாலி கட்டுன அன்னிக்கே கலாட்டா சார். மூணாவது முடிச்ச அவங்க அக்கா போட்டாங்கோ. இவரு இன்னான்றாரு? ‘ரெண்டுதான் நா எண்ணுனேன். மூணாவது டிஸ்பூட்டு’ன்றாரு. ஐயரு பாவம், மந்திரத்த நிறுத்திட்டு முடிச்சத் தடவிப் பாக்கறாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? இன்னி வரைக்கும் நா ரெண்டு முடிச்சு பொண்டாட்டிதான்.”

எங்கள் பகுதிக் கோயில் திருவிழாவில் ஒரு வருடம் அன்னதானம் நடந்தது. இரண்டாயிரம் பேர் உணவருந்தினார்கள் என்று மைக்கில் அறிவித்தார்கள். நைனா அதுவரை எச்சில் இலை கொட்டும் இடத்தில் ஒரு குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். நேரே வந்து மைக்கை வாங்கினார். “எல மொத்தம் அறநூத்தி நாப்பது. ரெண்டாயிரம் பேருன்னா இன்னா, மூணு மூணு பேரா ஒரே எலைல குந்தி துன்னாங்களா?” அடுத்த வருடம் கமிட்டி இலையை நிறுத்திவிட்டுத் தட்டுக்கு மாறியது. கழுவிய தட்டை எண்ண முடியாது என்று அவர்கள் நினைத்தார்கள். நைனா கை கழுவும் குழாயடிக்கு மாறினார்.

வட்டச் செயலாளர் ஒருவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ‘லட்சம் பேர் கண்ணீர்’ என்று மறுநாளைய போஸ்டருக்கு முதல் நாளே வாசகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நைனா ஊர்வலத்தின் ஓரமாகப் பென்சிலோடு நடந்து வந்தார். இறந்தவரின் மகன் கும்பிடாத குறையாகக் கெஞ்சினான்.

“நைனா, எங்கப்பா செத்த அன்னிக்காவது சொம்மா இரு நைனா.”

“செத்தது ஒண்ணு. அதுல எனக்கு டிஸ்பூட்டே இல்ல. அழுவுறவன்தான் கம்மியா கீறான்.”

இப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் சுற்றுச்சூழல் கல்விக்கு அனுப்பிவைத்தோம்.

ஆற்றோரம் இருக்கும் தொழிற்சாலை ஒன்று, சமூகப் பங்கேற்புடன் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் எதன் பெயரைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பது கோபித்துக்கொள்ளும். திட்டத்துக்கு மூன்று பங்காளிகள்: தொழிற்சாலை, எங்கள் பகுதி அரசுப் பள்ளி, பொதுமக்கள். பள்ளியின் பசுமைப்படை மாணவர்கள் எண்ணூர்க் கழிமுகத்தில், உப்புத் தண்ணீரில் வளரும் அலையாத்தி மரக்கன்று நட்டு, இரண்டு வருடம் பராமரித்து, அதிலிருந்து இயற்கையைக் கற்றுக்கொள்ள வேண்டும். முடிவில் மூன்று பங்காளிகளும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், தொழிற்சாலை பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் வைத்துக் கொடுக்கும்.

பொதுமக்கள் என்றால் குடியிருப்போர் நலச் சங்கம். நான் அதன் செயலாளர். கூட்டத்தில் யார் போகிறீர்கள் என்று கேட்டதும் தலைவருக்கு முதுகுவலி வந்தது, பொருளாளருக்குச் சம்பந்தி வீட்டில் விசேஷம் வந்தது. நான்தான் நைனா பெயரைச் சொன்னேன். கன்றுகளை எண்ண வேண்டுமாம், எண்ணத் தெரிந்தவர் போகட்டும் என்று. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதையே தொழிலாகச் செய்த ஒருவரை, ஒப்புதல் கையெழுத்துப் போட அனுப்பிய சங்கம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். கைதட்டி நிறைவேற்றினோம். எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதை அவர் எண்ணிக்கொண்டார்.

நடவு நாள், ஒரு சனிக்கிழமை. காலை எட்டு ஐந்துக்கு நான் ஆற்றோரம் இருந்தேன். எனக்கு முன்பே ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. ‘ஆயிரம் அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன’ என்று அதில் அச்சாகியிருந்தது. கன்று லாரி இன்னும் வரவில்லை.

நடுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் பாலத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் இடம். அங்கே முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் எறா தடவி, அதாவது இறால் பிடித்துக்கொண்டிருந்த கன்னியம்மா, தலையைத் தூக்கிப் பார்த்து மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் என்றால் தொழிற்சாலையின் சமூகப் பொறுப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர். நல்ல பையன், சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை.

“சார், இங்க நடாத. கீய பூரா ஆலை சாம்பலு, கெட்டியா கீது பாரு. தண்ணி ஏறும், எறங்காது. வேரு அயுவிப்பூடும். அந்தாண்ட, வளைவுல நடு. அங்கதான் சேறு சேறா கீது.”

“இல்லம்மா, சைட் அப்ரூவ் ஆயிடுச்சு. ட்ரோன் ஷாட்டும் இங்கதான் பிளான் பண்ணியிருக்கோம்.”

“யாரு அப்ரூவ் பண்ணது? தண்ணியா?” என்றாள் கன்னியம்மா. மேனேஜர் சிரித்தார். அவளை இரண்டு அடி தள்ளி உட்காரச் சொன்னார்கள். படத்தில் விழுகிறாளாம்.

தலைமை விருந்தினர், தொழிற்சாலையின் பெரிய அதிகாரி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, சேற்றில் இறங்கிக் கன்றை நட்டார். படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று அதே கன்றைப் பிடுங்கி மறுபடி நடச் சொன்னார்கள். ஃபிளெக்ஸ் மறைந்துவிட்டது என்று மூன்றாவது முறை. பெரிய அதிகாரி கண்ணை மூடிவிட்டார் என்று நான்காவது முறை. கன்று வாடிப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. நைனா கரையில் குடையோடும் தாள் செருகிய அட்டையோடும் நின்றார்.

“இன்னா மேனேஜர், இது எத்தினியாவது கன்னு?”

“சார், இது போட்டோவுக்கு சார்.”

“போட்டோக்கு நாலு தபா நட்டாலும் கன்னு ஒண்ணுதான? நா ஒரே கோடுதான் போட்ருக்கேன். அப்பால சண்டைக்கு வராத.”

பெரிய அதிகாரி சேற்றில் நின்றபடியே பூரித்துப்போனார். “வெரி குட்! இந்த மாதிரி கம்யூனிட்டி ஆட்கள்தான் நமக்கு வேணும்” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நைனா அதற்குள் பசுமைப்படைப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பாதி கப்பல் கட்சி, இன்னொரு பாதி கரைக் கட்சி. ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக்கூடாது. பொறுமையாக வகுப்பெடுக்கவெல்லாம் அவருக்கு வராது. “நாலு கோடு, ஒரு வெட்டு. தப்பா போட்டா சம்பளத்துல புடிப்பேன்” என்றார். சம்பளம் ஏது என்று ஒரு பெண் கேட்டாள். “அதான் புடிச்சிட்டன்ல” என்றார். மாலையில் இரண்டு கட்சியும் தாளைக் கொடுத்தன. கப்பல் 612. கரை 609. மூன்று கன்றுக்காக இரண்டு கட்சியும் சேற்றில் கட்டிப் புரண்டன. நைனா இரண்டு எண்ணையும் எழுதி, ‘டிஸ்பூட்’ போட்டு, கட்சிக்கு ஒரு பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்.

மேனேஜர் வந்து மென்மையாகக் கேட்டார். “சார், ரவுண்டா ஆயிரம்னு வச்சுக்கலாமா?”

“அறநூத்தி சொச்சத்த ரவுண்டு பண்ணா ஆயிரமா? எந்த ஊர்ல கீது அந்த ரவுண்டு?”

அதன் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, பிள்ளைகள் எண்ணப் போனார்கள். தொழிற்சாலை கொடுத்த வண்ணப் புத்தகத்தில் சிங்கவால் குரங்கும் பனிக்கரடியும் இருந்தன. எங்கள் ஆறு அதில் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை பிடித்துப்போயிற்று. சத்துணவில் முட்டை வந்தால் கப்பல் கட்சி வாசலில் நின்று எண்ணும், கரைக் கட்சி சமையலறையில் நின்று எண்ணும். தலைமை ஆசிரியர் எத்தனை முறை கொட்டாவி விட்டார் என்பதற்கு ஒரு தாள் இருந்தது. ஒரு தாய் பள்ளிக்கு வந்து கத்தினாள்: “நாலு அடி அடிச்சேன் சார். மூணுதான் வியுந்துச்சு, நாலாவது டிஸ்பூட்டுன்றான்! இதான் படிப்பா?”

அறிவியல் எடுக்கும் எஸ்தர் டீச்சர்தான் பசுமைப்படைக்குப் பொறுப்பு. அவர் என்னிடம் ஒரு நாள் சொன்னார்: “சார், இதுங்க இதுவரைக்கும் புத்தகத்துல இருக்கறத அப்படியே எழுதும். இப்பத்தான் பாத்துட்டு எழுதுதுங்க.” அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் குறித்துவைக்கவில்லை. குறிக்காமலே நினைவில் இருக்கிறது.

முதல் மழைக்கே கன்றுகள் சாயத் தொடங்கின. வெள்ளம் கொஞ்சம் கொண்டுபோயிற்று, மாடு கொஞ்சம் மேய்ந்தது, மீதியைக் கன்னியம்மா சொன்னபடி சாம்பல் சேறு பார்த்துக்கொண்டது. இரண்டாம் வருடக் கடைசியில் கப்பல் கட்சி 91 என்றது, கரைக் கட்சி 88 என்றது. வெயிலில் மறுபடி எண்ணினார்கள். இரண்டு பக்கமும் 91. நைனா தாளின் அடியில் ‘ஒத்துப்போச்சு’ என்று எழுதினார். அவர் கையெழுத்தில் அந்த வார்த்தையை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிள்ளைகள் பதினாறு பேரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியர் அறையில் மேனேஜர் அறிக்கையை நீட்டினார். நட்டவை ஆயிரம். உயிருடன் இருப்பவை தொள்ளாயிரத்து நாற்பது. தொழிற்சாலை கையெழுத்து இருந்தது. பள்ளியின் கையெழுத்து இருந்தது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

நைனா கண்ணாடியை மாட்டிப் படித்தார். பேனாவை எடுத்தார். எல்லோரும் மூச்சு விட்டோம். அவர் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், ‘பொதுமக்கள் பக்கத்து எண்ணிக்கை 91. டிஸ்பூட்’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

“சார், இந்த மாதிரி எழுத ஃபார்ம்ல இடமே இல்ல சார்” என்றார் மேனேஜர்.

“அதான் வெளிய எழுதிக்கீறேன்.”

“இத மேல அனுப்ப முடியாது சார். ரிஜெக்ட் ஆயிடும். எந்திரம் வேற ஸ்கூலுக்குப் போயிடும்.”

எஸ்தர் டீச்சர் அதுவரை ஜன்னலோரம் நின்றிருந்தார். எங்கள் பள்ளியின் ஆழ்குழாய்த் தண்ணீர் மஞ்சள் நிறம். வாயில் வைத்தால் துருவும் உப்பும் சேர்ந்து நாக்கு தடிக்கும். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவர முடிந்த பிள்ளைகள் மட்டும் தண்ணீர் குடித்தார்கள்.

“நைனா,” என்றார் டீச்சர். “ஏழாங்கிளாஸ்ல மூணு பொண்ணுங்களுக்கு நீர்க்கடுப்பு. காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி குடிக்குதுங்க. நான் உங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்ல.”

நைனா பேனாவை மூடி மேசை மேல் வைத்தார். எதையும் எண்ணாமல் அவர் உட்கார்ந்திருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“தண்ணி வோணும் டீச்சர். நா வோணாம்னனா? குடுக்க மனசிருந்தா அவன் குடுக்கட்டும். என் கையெயுத்துல இன்னாத்துக்கு பைப்பு மாட்றான்?”

மேனேஜர் இரண்டாவது படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, பதினைந்து நாள் அவகாசம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பதினைந்து நாளும் நைனா வீட்டு வாசலில் நடந்தவற்றை எழுதவே கை கூசுகிறது. தாய்மார்கள் காலையிலும் மாலையிலும் வந்து நின்றார்கள். “ஒரு கோடு கிறுக்கிட்டுப் போனா இன்னா, உன் சொத்தா பூடும்?” “புள்ளைங்க சாவட்டும், நீ குந்தி எண்ணு.” அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கும் டீக்கடைக்காரர், டீயைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். சரோஜாம்மாவே கடைசியில் சொல்லிவிட்டார்: “போட்டுத் தொலையேன்யா. ஊரே காறித் துப்புது.”

நானும் போனேன். சமாதானம் பேசுகிறவன்போலப் போனேன்.

“செக்கட்ரி, நீ படிச்சவன், சொல்லு. அந்தத் தாள்ல பதினாறு புள்ளைங்க எண்ணி, கையெயுத்து போட்ருக்குதுங்க. அதுக்கு மேல நா ஒரு நம்பரு போட்டா அதுங்க போட்டது இன்னா ஆவும்? பொய்யாப் பூடும்ல? சேத்துல எறங்கி எண்ணுனது பொய்யி, ஏசில குந்திகினு எயுதுனது நெசம். இத்தத்தான் ரெண்டு வர்சமா கத்துக்குடுத்தமா?”

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தேன். பிரதிநிதி இயலாத நிலையில் செயலாளர் கையெழுத்திடலாம் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. தொள்ளாயிரத்து நாற்பதுக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். நல்ல பேனா, நிதானமான கையெழுத்து. தேதியைச் சரியாகத்தான் போட்டேன். அந்தப் பக்கத்தில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

எந்திரம் வந்தது. ரிப்பன் கட்டி, வெட்டினார்கள். தண்ணீர் நன்றாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகள் இரண்டு கையையும் குவித்து மடமடவென்று குடித்தார்கள். எஸ்தர் டீச்சர் தண்ணீர் குடிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பசுமைப்படைப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ‘தொள்ளாயிரத்து நாற்பது அலையாத்திகளைக் காத்தமைக்காக’ என்று அதில் பொன் எழுத்தில் இருந்தது. கப்பல் கட்சிப் பிள்ளை ஒன்று அதை இரண்டு முறை படித்துவிட்டு நைனாவைத் தேடியது. நைனா வரவில்லை.

மாலையில் என் வீட்டுக்கு வந்தார். நான் பேச்சுக்கு வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்: குழந்தைகளின் உடல்நலம், நடைமுறை, பெரிய நன்மைக்குச் சிறிய விட்டுக்கொடுத்தல். இவற்றையெல்லாம் பல புத்தகங்களில் நான் படித்திருக்கிறேன்.

“செக்கட்ரி, ஆத்துக்குப் போயி எண்ணுனியா?”

“இல்ல நைனா.”

“ஒரு தபா கூட?”

“இல்ல.”

“அப்ப சரி. எண்ணிட்டு மாத்திச் சொல்றவன்கூடத்தான் டிஸ்பூட்டு. எண்ணாதவன்கூட எனக்கு இன்னா சண்ட?”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து தொடங்கியது தண்டனை. பேசாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பேசினார். நான் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டார்.

“மழை வரும்போல இருக்கு நைனா.”

“ஆமா, வரும்.”

“டோல்கேட்டுல நேத்து நெரிசல் அதிகமாம். ஐந்நூறு லாரி நின்னுச்சாம்.”

“இருக்கும்.”

ஒரு நாள் வேண்டுமென்றே, “நம்ம தெருவுல இருபது வீடு” என்றேன். முப்பத்து நாலு வீடு. பிறந்ததிலிருந்து அவர் அந்தத் தெருவில் இருக்கிறார். என்னைப் பார்க்காமல், “ஆமா, இருபது” என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் எஸ்தர் டீச்சர் மாற்றலாகிப் போனார். பசுமைப்படைக்கு ஆள் இல்லை என்று நான் சில மாதம் பொறுப்பெடுத்தேன். ஏதாவது செய்து ஈடுகட்டலாம் என்று ஒரு நினைப்பு. பள்ளி மைதானத்து வேப்பங்கன்றுகளை எண்ணி வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினேன். எல்லோரும் ஓடினார்கள். பழைய கரைக் கட்சிப் பெண் ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். இப்போது எட்டாம் வகுப்பு. கெட்டிக்காரி. பேனாவைத் திறந்து தாளின் மேல் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக என்னிடம் கேட்டாள்:

“எவ்ளோ வரணும் சார்?”

கேலியாகக் கேட்டிருந்தால் திட்டியிருக்கலாம். அவள் கேலி செய்யவில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்தாள். சமூகப் பங்கேற்புடன் சுற்றுச்சூழல் கல்வி முழுமையாக நிறைவேறியிருந்தது.

அந்த ஆவணியில் நைனாவுக்கு முட்டிவலி முற்றிவிட்டது. மாத்தூரில் இருக்கும் மகள் வந்து அவரையும் சரோஜாம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்று, “அடிக்கடி வரணும் நைனா” என்றேன். “ஆமா, வரணும்” என்றார். வண்டி போய்விட்டது.

நான் ஆற்றுக்குப் போனது அதற்குப் பிறகுதான். நடவு நாளுக்குப் பின் ஒரு தடவையும் போகாதவன், இந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போனேன். வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினேன். பாலத்துக்கு நேரே, தோள் உயரத்தில் எழுபத்து மூன்று மரம் நின்றது. இரண்டு முறை எண்ணினேன். பிறகு வளைவுப் பக்கம் பார்த்தேன். அங்கே, எங்கள் திட்டத்தில் ஒரு கன்றும் நடாத இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் புதிய கன்றுகள் வரிசையாக நின்றன. ஐந்து ஐந்தாக, இடைவெளி விட்டு. நூற்றைந்து இருந்தன. இயற்கை வரிசையில் முளைக்காது.

கன்னியம்மா வழக்கமான இடத்தில் எறா தடவிக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா நட்டது?”

“ஒருத்தரு வருவாரு. வாரத்துக்கு ஒரு தபா. நாலு கன்னோ அஞ்சு கன்னோ, சொருகிட்டுப் பூடுவாரு.”

“எங்க நைனாவா? அன்னிக்கு அட்டையும் குடையுமா நின்னாரே, அவரா?”

“மூஞ்சிய எவ பாத்தா? தலைல துண்டு போட்டுகினு, கால இயுத்துகினு வருவாரு. நா எறா தடவுவனா, அவரப் பாத்துகினு குந்துவனா?”

“வாய்க்குள்ள எண்ணுவாரா?”

“வாயி அசையும். எண்றாரோ, பாட்றாரோ, யாரு கண்டா?”

மாத்தூரிலிருந்து எண்ணூருக்கு, அந்த முட்டியோடு, இரண்டு பேருந்து மாறி வந்து சேற்றில் இறங்க முடியுமா என்பது சந்தேகம். முட்டிவலிக்காரர்கள் இந்தப் பக்கம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் என் கையெழுத்துக்கு மேல் இருக்கும் தொள்ளாயிரத்து நாற்பதை நோக்கி, வாரத்துக்கு நாலு ஐந்தாக, ஒருவர் சேற்றில் நடந்துகொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

அவர்தானா என்று இன்றுவரை உறுதி செய்யவில்லை. மாத்தூர் போய் நேரில் கேட்பது பெரிய வேலையில்லை. கேட்டால் ‘ஆமா’ என்பார்; என்னிடம் அவர் எதற்கும் ‘ஆமா’தான் சொல்கிறார், அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே ஒரு தடவை அவர் பழையபடி என் முகத்தைப் பார்த்து, “இல்லவே இல்ல, போய்யா” என்று கத்திவிட்டால் போதும். அது பொய்யாகவே இருந்தாலும், நாளும் மணியும் போட்டுப் பத்திரமாக எழுதிவைத்துக்கொள்வேன்.